தழும்புக்குப் பச்சிலை கேட்டு வந்தவங்களுக்கு

பலாப்பழ சீசன்ல எங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வரத்து அதிகம். பண்ருட்டிப் பக்கம் நாலு பலா மரம் வெச்சிருக்கிறவனுக்கு மே, ஜூன் மாசத்துல சொந்தபந்தம் தானாக் கூடிடும். போன வாரம் சென்னையிலேர்ந்து என் கூட்டாளியோட தங்கச்சி குடும்பத்தோட வந்திருந்துச்சு. கூடவே ஆறு வயசுப் பையன். அவன் கன்னத்துல, கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, ஓர் அங்குலத்துக்கு ஒரு தழும்பு. மூணு மாசத்துக்கு முன்னாடி ஊஞ்சல் பலகை இடிச்சு நாலு தையல் போட்டாங்களாம்.

சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உக்காந்திருக்கும்போது அந்தப் பொண்ணு மெதுவா ஆரம்பிச்சுது. "அண்ணா, இதுக்கு உங்க ஊர்ல ஏதாவது பச்சிலை இருக்குமே? டாக்டர் ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டார். எனக்கு மனசு கேக்கல. தெனம் காலையில எலுமிச்சம்பழச் சாறு தடவிட்டு வர்றேன். இன்னும் கறுப்பாத்தான் ஆகுது."

பையனைப் பக்கத்துல கூப்பிட்டுப் பார்த்தேன். தையல் போட்ட கோடு மெல்லிசா, செவப்பா, அதன் போக்குல நல்லாத்தான் இருக்கு. அதைச் சுத்தித்தான் கறுப்பு படர்ந்திருக்கு. சாறைத் தடவிட்டு அவனை ஸ்கூல் வேனுக்கு வெயில்ல நிக்க வெச்சிருக்காங்க. எலுமிச்சைச் சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா அந்த இடம் வெந்து கறுத்துப் போகும். சிலருக்குக் கொப்புளமே வரும். பையன் கன்னத்துல இருந்த கறுப்புல பாதிக்கு மேல அம்மா தடவினதுதான்னு நினைக்கிறேன்.

"அப்போ எலுமிச்சம்பழம்?" ன்னு கேட்டுச்சு.

"ஜூஸ் போட்டுக் குடிங்க" ன்னேன்.

சிரிச்சிட்டுப் போயிடுச்சு. ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் சரியா வரல. நகரத்துல இருக்கிறவங்க எங்களை ஒரு மருந்துக் கடையா நினைக்கிறீங்க. காட்டுல எங்கேயோ ஒரு இலை இருக்கு, அதை அரைச்சுப் போட்டா எந்தத் தழும்பும் காணாமப் போகும், அந்த ரகசியம் கிராமத்தானுக்குத் தெரியும்னு ஒரு எண்ணம். எங்க ஊர்க்காரங்களும் அந்த எண்ணத்தைக் கெடுக்கிறதில்ல. கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோம். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு நான் சொல்றது இதுதான்: தழும்பைக் கரைக்கிற பச்சிலை எங்ககிட்ட இல்ல. தழும்பு பெருசாகிறதும் சின்னதாகிறதும் பெரும்பாலும் காயம் பட்ட முதல் அரை மணி நேரத்துலயும், முதல் சில வாரத்துலயும் நடக்கிற கதை. அதுக்கப்புறம் வேண்டியது ஒரு வருஷப் பொறுமை.

இதைச் சொல்ல எனக்குப் படிப்புத் தகுதி கிடையாது. என் மகளோட இடது கைதான் என் தகுதி.

பாப்பாவுக்கு அப்போ எட்டு வயசு. தை மாசம், நெல் அறுப்பு. பத்து ஆளுக்குச் சோறு ஆக்கி, பெரிய பானையைச் சாய்ச்சு வெச்சு வடிச்சுக்கிட்டிருந்தாங்க என் வீட்டுக்காரம்மா. பாப்பா கன்னுக்குட்டியைத் துரத்திக்கிட்டு ஓடி வந்து பானை மேல மோதிடுச்சு. கொதிக்கிற கஞ்சி முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் கொட்டிடுச்சு. கஞ்சி தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடிடாது, ஒட்டிக்கும். சுடுதண்ணியை விட மோசம்.

நான் ஓடி வந்தப்போ பம்புசெட்டு ஓடிக்கிட்டிருக்கு. தொட்டி இருபது அடி தூரத்துல. தண்ணி சலசலன்னு கொட்டுது. யாரோ "தண்ணி படாம பாத்துக்கோ, கொப்புளம் போட்டுடும்" னு கத்தினாங்க. நானும் அதையே நம்பினவன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா இட்லி மாவைக் கிண்ணத்தோட எடுத்துக்கிட்டு வந்தாங்க. இன்னொருத்தர் பேனா இங்க் பாட்டிலோட வந்தார். மாவைப் பூசினது நான்தான். என் கையால, முழங்கையிலேர்ந்து விரல் வரைக்கும், சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி பூசினேன். அது மேலயே இங்க்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒண்ணரை மணி நேரம் ஆகியிருந்துச்சு. மாவு காஞ்சு ஓடு மாதிரி ஆகிடுச்சு. அங்க இருந்த நர்ஸம்மா எதுவும் திட்டல. காயம் எவ்வளவு ஆழம்னு பார்க்கணும்னா இதை எடுத்தாகணும்னு மட்டும் சொன்னாங்க. உப்புத் தண்ணியை ஊத்தி ஊத்தி, காஞ்ச மாவைத் தோலோட சேர்த்துக் கழுவி எடுத்தாங்க. பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டது நான். அது அன்னைக்கு அழுததைப் பத்தி இதுக்கு மேல எழுத வேண்டாம்.

அப்புறம்தான் ஒரு டாக்டர் சொன்னார்: சுட்ட இடத்தை உடனே ஓடுற தண்ணியில 20 நிமிஷம் காட்டியிருக்கணும். தீ அணைஞ்ச பிறகும் அந்தச் சூடு தோலுக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும், தண்ணி அதை வெளியே இழுத்துடும். ஐஸ் கூடாது, சாதாரணக் குழாய்த் தண்ணி போதும். உடனே முடியலைன்னா முதல் மூணு மணி நேரத்துக்குள்ள செஞ்சாலும் பலன் உண்டு. வளையல், மோதிரம் இருந்தா வீங்கறதுக்கு முன்னாடி கழட்டணும். மாவு, இங்க், டூத்பேஸ்ட், முட்டை வெள்ளைக்கரு, சாணி எதுவும் கூடாது. அவர் சொல்லும்போது எனக்குக் காதுல பம்புசெட்டு சத்தம்தான் கேட்டுச்சு. 20 நிமிஷம் அந்தக் குழாய்க்கு அடியில கையைக் காட்டியிருந்தா தழும்பே வந்திருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது. காயத்தோட ஆழம் கொஞ்சமாவது குறைஞ்சிருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும், அதுவே எனக்குப் போதும் தூக்கம் கெட.

காயம் மூட அஞ்சு வாரம் ஆச்சு. மூணு வாரத்துக்கு மேல ஆறாம இழுக்கிற தீக்காயம் தடிச்ச தழும்பாகிற வாய்ப்பு ரொம்ப அதிகம். பாப்பாவுக்கு அப்படியே ஆச்சு. ரெண்டாவது மாசம் அந்த இடம் செவந்து, தடிச்சு, கயிறு கயிறா எழும்பி வந்துச்சு. ராத்திரி எல்லாம் அரிப்பு. முழங்கை மடிப்புல தோல் இழுத்துப் பிடிச்சு, கையை முழுசா நீட்ட முடியல.

அப்போதான் ஊர்ல வைத்தியம் சொல்றவங்க வர ஆரம்பிச்சாங்க. மஞ்சள், கத்தாழை, வெங்காயச் சாறு, தேன், நல்லெண்ணெயில குழைச்ச சாம்பல். ஒரு பெரியவர் சேராங்கொட்டை எண்ணெய் சொன்னார். "மேல் தோலை உரிச்சு எடுத்துடும்பா, கீழே இருந்து புதுத் தோல் வரும்" னார். மத்ததையெல்லாம் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கிட்டிருந்த நான் அந்த இடத்துல மட்டும் உறுதியா மாட்டேன்னு சொல்லிட்டேன். காரணம், எங்க தொழில்.

நீங்க சாப்பிடற முந்திரிப்பருப்புக்கு வெளியே ஓர் ஓடு இருக்கு. அந்த ஓட்டுக்குள்ள இருக்கிற எண்ணெய் தோல்ல பட்டா வெந்து போகும். எங்க பக்கம் கொட்டை உடைக்கிற பெண்களோட விரலைப் பார்த்திருக்கீங்களா? நகக்கண்ணு வரைக்கும் கறுத்து, தோல் உரிஞ்சு உரிஞ்சு கைரேகையே மழுங்கிப் போயிருக்கும். கையில எண்ணெயும் சாம்பலும் தடவிக்கிட்டுத்தான் உக்காருவாங்க, அப்பவும் அப்படித்தான். நாங்க பள்ளிக்கூடத்துல படிக்கும்போது பச்சை முந்திரிக்கொட்டையைக் கீறி, அந்தப் பாலால கையில பேர் எழுதிக்குவோம். ரெண்டு நாள்ல புண்ணாகி, ஆறினதும் பேர் அப்படியே நிக்கும். என் கையில இன்னும் ஓர் எழுத்து பாதி தெரியும். சேராங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகுதே, அந்த மாவும் அதே குடும்பம்தான். சலவைத் தொழிலாளிங்க துணியில அழியாத குறி போட சேராங்கொட்டையைத்தான் வெச்சிருந்தாங்க. அதைக் கொண்டு போய் ஒரு குழந்தையோட வெந்த கையில தடவச் சொல்றாங்க. முறைப்படி சுத்தி செஞ்சு சித்த மருத்துவர் கொடுக்கிறது வேற விஷயம், அதுல நான் மூக்கை நுழைக்கல. வீட்டுல நாமே காய்ச்சித் தடவுறதைத்தான் சொல்றேன்.

இப்போ நீங்க கேப்பீங்க, அப்போ கிராமத்து வைத்தியம் எல்லாமே தப்பாண்ணேன்னு. அப்படி இல்ல. எங்க ஆயா காலத்துல தீப்பட்டவங்களை வாழை இலை மேல படுக்க வைப்பாங்க. காயத்து மேலயும் குருத்து இலையைப் போடுவாங்க. அது சரியான வேலைன்னு பின்னால தெரிஞ்சுக்கிட்டேன். மும்பையில மருத்துவர்கள் வாழை இலையைக் கிருமி நீக்கி தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டுப் பார்த்து 2003-ல ஆய்வா எழுதியிருக்காங்க. இலை புண்ணுல ஒட்டாது, ஈரத்தையும் காக்கும், பிரிக்கும்போது வலியும் இல்ல. ஆயாவுக்கு ஈரத்தைப் பத்தின விளக்கம் தெரியாது. ஒட்டக் கூடாதுங்கிறது தெரிஞ்சிருந்துச்சு.

அந்த ஈரம்தான் இதுல முக்கியமான சேதி. "காத்தாட விடு, காயட்டும், பொருக்குத் தட்டினா ஆறிடும்" னுதான் நாம எல்லாம் வளர்ந்தோம். 1962-ல ஜார்ஜ் விண்டர்னு ஒருத்தர் பன்னிக்குட்டிங்க தோல்ல ஒரே அளவுக் காயத்தை உண்டாக்கி, பாதியை அப்படியே காய விட்டு, பாதியை பாலித்தீன் தாளால மூடி வெச்சார். மூடி ஈரமா இருந்த காயம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகத்துல மூடிச்சு. காரணம் எளிது. பொருக்கு உக்காந்துட்டா புதுத் தோல் அதுக்கு அடியில துளைச்சுக்கிட்டுத்தான் நகரணும். ஈரமா இருந்தா வழுக்கிக்கிட்டுப் போயிடும். வெயில்ல வெடிச்ச மண்ணுல நாத்து வேர் பிடிக்குமா? சீக்கிரம் மூடுற காயத்துக்குத் தழும்பும் குறைவு.

அதனால சின்ன வெட்டு, சிராய்ப்புன்னா சோப்பும் தண்ணியும் போட்டு மண் போகக் கழுவுங்க. வாசலின் மெல்லிசா தடவுங்க. ஒட்டாத துணியோ பிளாஸ்திரியோ போட்டு மூடுங்க. தெனம் மாத்துங்க. பொருக்கைப் பிய்க்காதீங்க. இவ்வளவுதான், பத்து ரூபா டப்பா. கேக்க சப்புன்னு இருக்கும், அதனாலதான் யாரும் செய்ய மாட்டேங்கறோம். மண்ணு, துருப்பிடிச்ச இரும்பு பட்ட காயம்னா டெட்டனஸ் ஊசி நிலவரத்தையும் பாத்துக்கணும். வயல்ல அரிவாள் பட்டா நாங்க உடனே வெட்டுக்காயப் பூண்டைப் பறிச்சுக் கசக்கிப் புழிவோம். நானும் செஞ்சிருக்கேன், ரத்தம் நிக்கத்தான் செஞ்சுது. ஆனா அந்த இலையில மண்ணும் இருக்கும், ஆட்டு மூத்திரமும் இருக்கும். இப்போ சுத்தமான துணியால அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிக்கிறேன், அதுலயும் ரத்தம் நிக்குது. (பாட்டன் பூட்டன் மருந்துன்னு நாம சொல்ற அந்தப் பூண்டு நடு அமெரிக்காவுலேர்ந்து வந்த செடி. முந்திரியும் பிரேசில்லேர்ந்து வந்ததுதான். அது கிடக்கட்டும்.)

தையல் போட்ட காயத்துக்கு ஒரு விஷயம். முகத்துல போட்ட தையலை 5 நாள் வாக்குல பிரிச்சுடுவாங்க, கால்லயும் முதுகுலயும் 10 முதல் 14 நாள். சொன்ன தேதிக்குப் போகாம "வேலை இருக்கு, அடுத்த வாரம் போலாம்" னு இழுத்தா, ரெண்டு பக்கமும் ரயில் தண்டவாளம் மாதிரி குறி நின்னுடும். என் கெண்டைக்கால்ல இருக்கிற தண்டவாளம் கரும்பு வெட்டு நேரத்துல தேதி தள்ளிப் போட்டதால வந்தது. தையல் பிரிச்சதும் ஆறிப்போச்சுன்னு மூட்டை தூக்கவும் கூடாது. மூணு வாரத்துக் காயத்துக்குப் பழைய தோலோட பலத்துல கால்வாசி இருந்தாலே அதிகம். இழுபடற தழும்பு அகலமாகும். ஆஸ்திரேலியாவுல சிசேரியன் பண்ணின பெண்களுக்குத் தையல் கோட்டு மேல 12 வாரம் சாதாரண பேப்பர் டேப் ஒட்டிப் பார்த்தாங்க. ஒட்டாதவங்களை விட இவங்களுக்குத் தழும்பு தடிக்கிறது குறைஞ்சுது. டேப்புல மருந்து எதுவும் இல்ல. இழுபடாமப் பிடிச்சுக்குது, அவ்வளவுதான்.

பாப்பா கதைக்கு வர்றேன். மூணாவது மாசம் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பிசியோதெரபி அம்மாகிட்ட அனுப்பினாங்க. அந்தம்மா மருந்துன்னு எதுவும் எழுதித் தரல, வேலைதான் கொடுத்தாங்க. ராத்திரி கையை நீட்டி வெச்சுக் கட்ட ஓர் அச்சு. பகல்ல மணிக்கொரு தரம் கையை முழுசா நீட்டி மடக்கணும். மூட்டு மேல விழுந்த தீக்காயத்தைக் கவனிக்காம விட்டா தோல் சுருங்கி மூட்டையே பூட்டிடும், அதுக்கப்புறம் ஆபரேஷன் தவிர வழியில்லைன்னாங்க. அழகைப் பத்தி அந்தம்மா பேசவே இல்ல. கை நீளணும், அதான் பேச்சு.

அடுத்தது தடவுறது. காயம் நல்லா மூடி, எங்கேயும் கசிவு இல்லைன்னு ஆன பிறகு, விரல் நுனியால அழுத்தி வட்டமா, தழும்போட நிறம் ஒரு நொடி வெளுக்கிற அளவுக்கு. ஒரு தடவைக்கு 5 நிமிஷம், நாளைக்கு மூணு தடவை. "என்ன எண்ணெய்ம்மா?" ன்னு கேட்டேன். "உங்க வீட்ல என்ன இருக்கு?" ன்னு திருப்பிக் கேட்டாங்க. தேங்காய் எண்ணெய்னேன். "அதான்" னாங்க. எண்ணெய் விரல் வழுக்கத்தான், வேலை செய்யறது விரல்தான்னு விளக்கினாங்க. காலையில வீட்டுக்காரம்மா, சாயங்காலம் ஆயா, ராத்திரி நான். ராத்திரி முறை எனக்குன்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். பாப்பா பாடத்தைச் சத்தமா படிக்கும், நான் தடவிக்கிட்டிருப்பேன். அந்த வருஷம் அதோட மூணாங்கிளாஸ் சமூக அறிவியல் எனக்கும் மனப்பாடம்.

கூடவே சிலிகான் ஷீட். இது 1980-கள்லேர்ந்து தீக்காயத் தழும்புக்குப் பயன்படுது. ஆறின தழும்பு மேல ஒட்டி, நாளைக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாம, ரெண்டு மூணு மாசமாவது வெக்கணும். கழட்டிக் கழுவி மறுபடியும் ஒட்டலாம். ஜெல்லாவும் வருது. ஆய்வுகள் இதுக்கு ரொம்பப் பலமான சாட்சி சொல்றதில்ல. இருந்தாலும் வீட்டுல செய்யக்கூடியதுல டாக்டருங்க முதல்ல கை காட்டறது இதைத்தான். எங்க ஊர் சித்திரை வெயில்ல அதை 12 மணி நேரம் ஒட்டி வெச்சா வேர்க்குரு போட்டு அரிக்கும். நாங்க ராத்திரியில போட்டோம், விடுமுறை நாள்ல விசிறிக்கு அடியில பகல்லயும் போட்டோம்.

அப்புறம் வெயில். புதுத் தழும்பு மேல வெயில் பட்டா கறுத்து, அந்தக் கறுப்பு லேசுல போகாது. ஒரு வருஷத்துக்கு மூடி வைக்கணும். பாப்பாவுக்கு என் பழைய வேட்டியில முழுக்கைச் சட்டை தெச்சுக் கொடுத்தோம். உங்களுக்கு எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன் வாங்க முடியும், வாங்குங்க. நம்ம நிறத்துக்கு அது தேவையில்லைங்கிற பேச்சைத் தழும்பு விஷயத்துல கேக்காதீங்க.

பதினாலு மாசம் செஞ்சோம். கை முழுசா நீளுது. தழும்பு தட்டையாகி, வெளிறி, மெத்துன்னு ஆச்சு. போயிடுச்சான்னா, போகல. முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு வரைபடம் மாதிரி இன்னைக்கும் இருக்கு.

இங்கதான் நான் உங்ககிட்ட மறைக்காம ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் செய்யாம இருந்திருந்தாலும் அந்தத் தழும்பு ஓரளவு தானாவே அடங்கியிருக்கும். தழும்புக்குன்னு ஒரு வயசு இருக்கு. முதல் சில மாசம் செவந்து தடிச்சு மோசமாத் தெரியும். அதுக்கப்புறம் ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல வெளுத்துத் தட்டையாகும். நாம பயந்து போய் வைத்தியம் தேடறது எப்போ? மோசமா இருக்கிற அந்த மூணாவது நாலாவது மாசத்துலதான். அப்போ யார் எதைக் கொடுத்தாலும், ஆறு மாசத்துல தழும்பு குறையத்தான் செய்யும். கத்தாழை தடவினவன் கத்தாழைன்னு சொல்லுவான், ஆயிரம் ரூபா கிரீம் வாங்கினவன் கிரீம்னு சொல்லுவான். மழைக்காலம் நெருங்கும்போது கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டு மழை வந்துச்சு பாத்தீங்களான்னு கேக்கிற மாதிரி. ஊருக்கு ஊர் தழும்பு மருந்து இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். என் தேங்காய் எண்ணெய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கை நீண்டதுக்கு அச்சும் பயிற்சியும்தான் காரணம்னு எனக்குச் சந்தேகமில்ல. நிறம் வெளுத்ததுக்கு காலமா, எண்ணெயான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

விட்டமின் ஈ மாத்திரையைக் குத்தித் தடவுறவங்க நிறைய. 1999-ல மியாமியில 15 பேருக்கு, தழும்புல ஒரு பாதிக்கு விட்டமின் ஈ கலந்த களிம்பு, மறுபாதிக்கு வெறும் களிம்புன்னு போட்டுப் பார்த்தாங்க. பெரும்பாலானவங்களுக்கு வித்தியாசமே இல்ல, இல்லைன்னா மோசமாச்சு. மூணுல ஒருத்தருக்குத் தோல் அலர்ஜி வேற. சின்ன ஆய்வுதான், ஆனா காசு கொடுத்து அலர்ஜி வாங்க எனக்கு மனசில்ல.

இதைவிட எனக்குக் கோவம் வர்றது மெடிக்கல் ஷாப்புல கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற வெளுப்பு கிரீம் மேலதான். பல கிரீம்ல ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் பளபளன்னு ஆகும். அப்புறம் தோல் மெலிஞ்சு, ரத்தநாளம் தெரிஞ்சு, பரு வந்து, விட்டா இன்னும் கறுக்கும். 2018-ல அரசாங்கம் இதையெல்லாம் டாக்டர் சீட்டில்லாம விக்கக் கூடாதுன்னு பட்டியல்ல சேர்த்துச்சு. எங்க டவுன்ல இன்னமும் ஷாம்பு பாக்கெட் மாதிரி வாங்கிட்டு வர்றாங்க. எலுமிச்சம்பழத்தைக் குறை சொன்ன நான் இதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல.

கடைசியா, வீட்டுல கையே வைக்கக் கூடாத தழும்பு ஒண்ணு இருக்கு. காயம் பட்ட எல்லையைத் தாண்டி நண்டுக்கால் மாதிரி பரவி வளர்றது. கீலாய்டுன்னு பேரு. காது குத்தின இடம், நெஞ்சு, தோள்பட்டையில வரும். நம்மள மாதிரி மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்கு அதிகம், குடும்ப வாகும் உண்டு. என் சித்தப்பா மகளுக்குக் காது மடல்ல கோலிகுண்டு அளவு வந்து, யாரோ பேச்சைக் கேட்டு நூலால இறுக்கிக் கட்டினாங்க. சீழ் பிடிச்சு, முன்னை விடப் பெருசா வளர்ந்துச்சு. அதை வெறுமனே அறுத்தாலும் திரும்ப வர்றதுதான் அதிகம். தழும்புக்குள்ள ஊசி போடறது, அழுத்தத் தோடு போடறதுன்னு தோல் டாக்டர்கிட்ட வழி இருக்கு, பல மாசம் நடக்கணும். வீட்டுல ஒருத்தருக்குக் கீலாய்டு இருந்தா பிள்ளைங்களுக்கு ரெண்டாவது, மூணாவது காது குத்து வேண்டாமேன்னு நான் சொல்லுவேன். கேக்கத்தான் ஆள் இல்ல.

சென்னைப் பொண்ணு கிளம்பும்போது பையனுக்கு ஒரு தொப்பியும், ரெண்டு பலாப்பழமும் கொடுத்தனுப்பினேன். தெனம் ரெண்டு வேளை வாசலின், வெளியே போனா சன்ஸ்கிரீன், டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு தடவை காட்டுங்க, வேற எதையும் தடவாதீங்கன்னு சொன்னேன். "இவ்வளவுதானாண்ணா?" ன்னு கேட்டுச்சு. முகத்துல ஏமாத்தம் நல்லாத் தெரிஞ்சுது. இவ்வளவு தூரம் வந்து ஒரு இலை கூடக் கிடைக்கலையேன்னு. அப்போ பாப்பா தண்ணி கொண்டு வந்து வெச்சுது. காலேஜ் லீவுக்கு வந்திருக்கு, அரைக்கைச் சட்டைதான் எப்பவும் போடுது. அந்தப் பொண்ணு கையையே பார்க்கிறதைப் பார்த்துட்டு, "கஞ்சி கொட்டினதுக்கா, எட்டு வயசுல. அப்பா இட்லி மாவு பூசிட்டார்" னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு உள்ளே போயிடுச்சு. அது சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லும். எனக்குத்தான் இன்னும் அப்படிச் சொல்ல வராது.

எங்க வீட்டுல இப்போ கேஸ் அடுப்புதான். ஆனா அறுப்பு நாள்ல ஆளுங்களுக்குப் பெரிய பானையில வடிக்கும்போது, தொட்டிக்குப் பக்கத்துல, கையெட்டற தூரத்துல வெச்சுத்தான் வடிக்கிறது.